ஓடிபி வரவில்லை, செயலி திறக்கவில்லை: நெட் பேங்கிங்கில் நுழைய முடியாதபோது எங்கே பார்ப்பது

எங்கள் வீட்டில் யாருடைய வங்கிச் செயலி மக்கர் செய்தாலும் போன் என் கைக்குத்தான் வரும். கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "பாஸ்வேர்டு சரியாகத்தான் போட்டேன், உள்ளே விடமாட்டேன் என்கிறது." பெரும்பாலும் அது உண்மைதான். பாஸ்வேர்டைத் தாண்டி, "இது நீங்கள்தானா" என்று வங்கி இரண்டாவது தடவை கேட்கும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டாவது படி இன்று ஏறக்குறைய முழுவதும் கைப்பேசிக்குள் போய்விட்டது. அதனால் வங்கியில் ஒரு குறையும் இல்லாதபோதும், போனில் ஏதோ ஒரு மூலையில் உள்ள சின்ன விஷயம் உங்கள் பணத்துக்கும் உங்களுக்கும் நடுவே வந்து நிற்கும்.

சரிசெய்யத் தொடங்கும்முன் ஒன்று தெரிந்தாக வேண்டும்: உங்கள் இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது? எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி (ஒருமுறை மட்டும் செல்லும் குறியீடு) வருகிறது என்றால் சாவி உங்கள் எண்ணில் இருக்கிறது. போன் எதுவானாலும் கவலையில்லை, அந்த சிம் எங்கேயோ அங்கே ஓடிபி போகும். செயலியைத் திறந்து "ஒப்புதல்" அழுத்துகிறீர்கள் என்றால் சாவி அந்த ஒரு போனுக்குள் இருக்கிறது. சிம்மை வேறு போனில் போட்டால் கூடவே வராது. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் என்றால், போனில் உள்ள ஒரு ரகசிய எண்ணும் போனின் கடிகாரமும் சேர்ந்ததுதான் சாவி. வங்கி தந்த சின்னக் கருவியில் எண் பார்க்கிறீர்கள் என்றால் சாவி அந்தக் கருவியில். ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது. சில சமயம் கெடுத்தும்விடும்.

அப்புறம், பதற்றத்தில் கை தானாகச் செய்யும் மூன்று காரியங்களை நிறுத்தி வையுங்கள். திரும்பத் திரும்ப முயல வேண்டாம்; பல வங்கிகளில் மூன்று தவறுக்குப் பிறகு நுழைவு முடங்கிவிடும், எனவே இரண்டாவது தடவை தவறியதும் கையை எடுத்துவிடுங்கள். செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டாம். மற்றச் செயலிகளுக்கு அது நல்ல வைத்தியம். வங்கிச் செயலியை அழித்தால் அதற்குள் இருந்த சாவியும் பெரும்பாலும் அதோடு போய்விடும். புதிதாகப் பதிய ஓடிபி கேட்கும். அந்த ஓடிபி வராததுதான் உங்கள் சிக்கல் என்றால் இருந்த கதவையும் மூடிக்கொண்டது போல் ஆகும். மூன்றாவது, வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேட வேண்டாம். இப்படித் தேடுகிறவர்களுக்காகவே மோசடிக்காரர்கள் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண் போதும்.

ஓடிபி எஸ்எம்எஸ் வரவே இல்லை

முதல் வேலை, வங்கிப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர் போனிலிருந்து உங்கள் எண்ணுக்கு ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் அல்ல, எஸ்எம்எஸ். இந்த ஒரு சோதனை சிக்கலை இரண்டாகப் பிளந்துவிடும்.

அந்தச் செய்தி வந்துவிட்டது, வங்கியின் செய்தி மட்டும் வரவில்லை என்றால், முதலில் குப்பைச் செய்திகள் ஒதுங்கும் பகுதியைப் பாருங்கள். போனில் உள்ள செய்திச் செயலிகள் தாமாகவே சிலவற்றை ஸ்பேம் என்று ஒதுக்கிவிடும். ஐபோனில் தெரியாத அனுப்புநர்களுக்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. என்றைக்கோ விளம்பரத் தொல்லை தாங்காமல் வங்கியின் அனுப்புநர் பெயரையே தடை செய்திருப்பீர்கள். தடைப் பட்டியலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அதிலும் இல்லையென்றால், ஓடிபி வேறு எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வங்கிப் பக்கம் பெரும்பாலும் எண்ணின் கடைசி இரண்டு மூன்று இலக்கங்களைக் காட்டும். அதை யாரும் படிப்பதில்லை. பழைய எண்ணையோ மனைவியின் எண்ணையோ கொடுத்துக் கணக்குத் தொடங்கியது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

சாதாரண எஸ்எம்எஸ்ஸும் வரவில்லை என்றால் சிக்கல் வங்கியிடம் இல்லை. விமானப் பயன்முறையை அரை நிமிடம் போட்டு எடுங்கள். போன் டவரில் புதிதாகப் பதிந்துகொள்ளும். இரண்டு சிம் போன் என்றால் அந்த சிம் அணைந்து கிடக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். ரீசார்ஜ் காலம் முடிந்து எண் முடங்கியிருக்கலாம். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: செய்திப் பெட்டி நிரம்பிவிட்டால் புதியது உள்ளே வராது. பழையவற்றை அழித்தால் காத்திருந்த ஓடிபிகள் வரிசையாக வந்து விழுவதை நானே பார்த்திருக்கிறேன்.

"மறுபடி அனுப்பு" பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பெரும்பாலான வங்கிகளில் முந்தைய குறியீடு செத்துவிடும். நான்கு முறை அழுத்தினால் நான்கு செய்திகள் தாமதமாக, வரிசை மாறிக்கூட வரும். கடைசியாக உருவாக்கியது மட்டும்தான் செல்லும். ஒருமுறை அழுத்திவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருங்கள்.

புது சிம் வாங்கிய அன்றோ, எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிய அன்றோ ஓடிபி வரவில்லை என்றால் அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. திருடர்கள் உங்கள் பெயரில் புது சிம் வாங்கிப் பணத்தை எடுப்பதைத் தடுக்க, சிம் மாறியதும் சிறிது காலம் ஓடிபியை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. கட்ட வேண்டிய தவணை ஏதாவது இருந்தால், அதைக் கட்டிவிட்டு அப்புறம் சிம்மை மாற்றுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும்போது வரவில்லை என்றால்: எஸ்எம்எஸ் பெறுவதற்கு ரோமிங் டேட்டா தேவையில்லை. ஆனால் சிம் அங்குள்ள ஏதாவது ஒரு டவரில் பதிந்திருக்க வேண்டும், உங்கள் திட்டத்தில் ரோமிங் திறந்திருக்க வேண்டும். உள்ளூர் சிம் போடுவதற்காகப் பழையதைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிட்டு ஓடிபிக்காகக் காத்திருப்பவர்கள் ஏராளம். சில நிறுவனங்களின் வைஃபை அழைப்பு வசதி வழியாகவும் எஸ்எம்எஸ் வரும். ஆனால் அதைக் கிளம்பும்முன்பே இயக்கி ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே ஒரு எச்சரிக்கை. எப்போதும் சிக்னல் இருக்கும் இடத்தில் உங்கள் போனில் மட்டும் சிக்னல் முழுதாகப் போய்விட்டது, அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு இருக்கிறது என்றால், போனை அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வேறு யாரோ உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் எடுத்திருக்கலாம். இன்னொருவர் போனிலிருந்து முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், அடுத்து தொலைபேசி நிறுவனத்தை.

நீங்கள் கேட்காமலே ஓடிபி வருகிறது

யாரோ உங்கள் பாஸ்வேர்டு அல்லது கார்டு விவரத்தை வைத்துக்கொண்டு கதவு வரை வந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குறியீட்டை யாருக்கும் சொல்லாதவரை அவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள். வங்கியின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து நுழைந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். செய்தியில் வந்த இணைப்பைத் தொட வேண்டாம். சிறிது நேரத்தில் "தவறுதலாக உங்கள் எண்ணுக்கு வந்துவிட்டது" என்றோ "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்றோ அழைப்பு வந்தால், அந்த அழைப்புதான் மோசடியின் பாதி.

செயலியில் ஒப்புதல் கேட்டு அடுத்தடுத்து வருவதும் இதே கதைதான். தொல்லை தாங்காமல் ஒருமுறை "ஆம்" அழுத்துவீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். "இல்லை" அழுத்துங்கள், நூறு முறை வந்தாலும் நூறு முறையும்.

ஓடிபி வந்தது, போட்டால் தவறு என்கிறது

என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். செயலியில் பணம் அனுப்பப் போனார். ஓடிபி வந்தது. அறிவிப்பு திரையின் மேலே நான்கைந்து விநாடி நின்றது. அவர் கண்ணாடியைப் போடுவதற்குள் மறைந்துவிட்டது. செய்திகளுக்குப் போய் எண்ணைப் படித்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பினால் வங்கிச் செயலி மறுபடி பின் எண் கேட்டது. அதைப் போட்டு உள்ளே போனால் பழைய பக்கம் இல்லை. மீண்டும் தொடக்கத்திலிருந்து வந்தார். புது ஓடிபி கேட்காமலே, நினைவில் வைத்திருந்த பழைய ஆறு எண்களைப் போட்டார். தவறு. இன்னொரு முறை. தவறு. மூன்றாவதில் கணக்கு முடங்கியது. தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் செய்த எதுவும் தவறில்லை. செயலியை விட்டு வெளியே வந்தால் பூட்டிக்கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள்; ஓடிபியைப் படிக்க வெளியே போயே ஆகவேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. செய்திச் செயலிக்குப் போகாமல், திரையின் மேலிருந்து விரலால் கீழே இழுத்து அறிவிப்புப் பட்டியலிலேயே எண்ணைப் படியுங்கள்; பல போன்களில் வங்கிச் செயலி அப்படியே இருக்கும். கையில் ஒரு துண்டுத் தாளும் பேனாவும் வைத்து எழுதிக்கொள்வது வெட்கப்படும் விஷயமல்ல. ஓடிபி சில நிமிடத்தில் செத்துவிடும், தாளைக் கிழித்துப் போட்டால் போதும். கணினியில் வங்கிப் பக்கத்தையும் கையில் போனையும் வைத்துச் செய்தால் இந்தத் தாவலே தேவையில்லை. அப்பாவுக்கு இப்போது அப்படித்தான் ஏற்பாடு.

செய்தியில் குறியீட்டோடு ஒரு குறிப்பு எண் வந்து, பக்கத்திலும் அதே குறிப்பு எண் தெரிந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் நீங்கள் பழைய செய்தியைப் பார்க்கிறீர்கள். தொகையும் பெறுபவர் பெயரும் செய்தியில் இருந்தால் அதையும் படியுங்கள். பழுதுபார்ப்பதற்காக மட்டும் இல்லை. நீங்கள் அனுப்பாத தொகை அதில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

எஸ்எம்எஸ் அல்ல, 30 விநாடிக்கு மாறும் எண்தான் தவறுகிறது என்றால், பத்தில் ஒன்பது முறை கடிகாரம்தான் காரணம் என்பது என் அனுபவம். இந்த முறையை 2011 இல் ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வரையறுத்தார்கள். உங்கள் போனும் வங்கியின் கணினியும் ஒரே ரகசிய எண்ணை வைத்திருக்கின்றன. இரண்டும் தனித்தனியே அந்த எண்ணையும் இப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகின்றன. விடை ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். இதற்கு இணையம்கூட வேண்டாம், விமானப் பயன்முறையிலும் வேலை செய்யும். நேரம் மட்டும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றிரண்டு நிமிடம் பிசகினாலே போதும், எண் பொருந்தாது.

பயணம் செய்பவர்கள் இங்கே மாட்டுவதைக் கவனித்திருக்கிறேன். வேறு நாட்டில் இறங்கியதும் நேர மண்டலத்தை மாற்றுவதற்குப் பதில் கடிகாரத்தையே கையால் முன்னும் பின்னும் தள்ளிவிடுவார்கள். திரையில் தெரியும் நேரம் சரியாக இருக்கும். ஆனால் இந்தக் கணக்கு உலகப் பொது நேரத்தை வைத்துப் போடப்படுகிறது. அது மணிக்கணக்கில் தள்ளிப் போயிருக்கும். அமைப்புகளில் நேரத்தையும் நேர மண்டலத்தையும் தானியங்கிக்கு மாற்றிவிட்டு அடுத்த எண்ணுக்குக் காத்திருங்கள்.

வங்கி தந்த பொத்தான் கருவியில் இதே சிக்கல் என்றால், குழந்தைகள் யாராவது அதை வைத்து விளையாடினார்களா என்று கேளுங்கள். சில கருவிகள் நேரத்தை அல்ல, எத்தனையாவது அழுத்தல் என்ற எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடும். சும்மா பலமுறை அழுத்தினால் கருவி வெகுதூரம் முன்னே போய்விடும், வங்கி பின்தங்கிவிடும். வங்கியை அழைத்து, அடுத்தடுத்த இரண்டு குறியீடுகளைக் கொடுத்து மறுபடி ஒத்திசைக்கச் சொல்ல வேண்டும். இதைச் செய்ய நீங்கள்தான் வங்கியை அழைக்க வேண்டும். அவர்களே அழைத்துக் குறியீடு கேட்டால் கொடுக்காதீர்கள்.

செயலியில் ஒப்புதல் கேட்டு எதுவும் வரவில்லை

அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். பெரும்பாலான செயலிகளில் நிலுவையில் உள்ள கோரிக்கை உள்ளே இருக்கும். அறிவிப்பு என்பது வாசல் மணி மாதிரிதான்.

மணி அடிக்காததற்குக் காரணங்கள் சாதாரணமானவை. ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு செயலியும் அறிவிப்புக்குத் தனியாக அனுமதி கேட்கிறது. ஏதோ அவசரத்தில் மறுத்திருப்பீர்கள். பேட்டரி சேமிப்பு இயங்கினால் அரிதாகத் திறக்கும் செயலிகளைப் போன் தூங்க வைத்துவிடும், வங்கிச் செயலியும் அதில் ஒன்று. அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

உள்ளேயும் ஒன்றும் இல்லையென்றால் கோரிக்கை உங்கள் பழைய போனுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அலமாரியில் அணைந்து கிடக்கும் அந்தப் போன்தான் வங்கியின் கணக்கில் இன்னும் நீங்கள். அதை விற்கவோ அழிக்கவோ செய்யவில்லை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்; சார்ஜ் போட்டுத் திறந்து, அதிலிருந்தே புதுப் போனைப் பதிந்துவிடுங்கள்.

"இந்தக் கருவி பாதுகாப்பானதல்ல" என்று செயலி மூடிக்கொள்கிறது

எளிதானதிலிருந்து தொடங்குங்கள். அமைப்புகளில் டெவலப்பர் ஆப்ஷன்களும் யுஎஸ்பி டீபக்கிங்கும் (மென்பொருள் எழுதுபவர்களுக்கான வசதிகள்) இயங்கினால் சில செயலிகள் திறக்காது, அணைத்துவிடுங்கள். திரையைப் பதிவு செய்யும் செயலி, திரையைப் பகிரும் செயலி, விபிஎன் ஆகியவற்றையும் நிறுத்திப் பாருங்கள். யாரோ "உதவி" செய்வதாகச் சொல்லி நிறுவச் சொன்ன, வேறிடத்திலிருந்து உங்கள் போனை இயக்கவிடும் செயலி போனில் இருந்தால் உடனே அழித்துவிட்டு வங்கியை அழையுங்கள். அந்த நேரத்தில் செயலி திறக்காமல் இருந்தது நல்லதுதான்.

அடுத்தது என்னைக் கோபப்படுத்தும் விஷயம். மோசடிச் செயலிகள் ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மை வசதியைப் பயன்படுத்தித் திரையைப் படிக்கின்றன என்பதால், அந்த அனுமதி பெற்ற செயலி எதுவாக இருந்தாலும் சில வங்கிச் செயலிகள் முரண்டு பிடிக்கின்றன. பார்வையற்றவர்கள் போனைப் பயன்படுத்துவதே அந்த வசதியால்தான். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பானை அணைக்கச் சொல்வதைத் தீர்வாக ஏற்காதீர்கள். எந்தச் செயலி, எந்தப் பதிப்பு, என்ன செய்தி காட்டுகிறது என்று எழுதி வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசியில் சொன்னதற்கு உங்கள் கையில் ஆதாரம் இருக்காது. எழுத்தில் கொடுத்ததற்கு இருக்கும்.

போனை ரூட் செய்திருந்தாலோ (தயாரிப்பாளர் பூட்டி வைத்த முழுக் கட்டுப்பாட்டை எடுத்திருந்தாலோ), பூட்லோடர் என்ற தொடக்கப் பூட்டைத் திறந்து வேறு இயங்குதளம் போட்டிருந்தாலோ நிலைமை வேறு. செயலி கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சேவையிடம் "இந்தப் போன் தயாரிப்பாளர் கொடுத்தபடியே இருக்கிறதா" என்று கேட்கிறது. இல்லை என்ற பதில் வந்தால் மூடிக்கொள்கிறது. தயாரிப்பாளர் கைவிட்ட போனில், தொடர்ந்து பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் மாற்று இயங்குதளத்தைக் கவனமாகப் போட்டு வைத்திருப்பவருக்குக் கதவு மூடுகிறது. வருடக்கணக்காக ஒரு திருத்தமும் வராத பழைய போன் அதே கதவில் தடையில்லாமல் நுழைந்துவிடலாம். நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் ரூட்டை மறைக்கும் கருவிகளைப் போட்டு வங்கிச் செயலியை ஏமாற்றும் வழியைச் சொல்லமாட்டேன். இன்று வேலை செய்து, மாதச் சம்பளம் அனுப்ப வேண்டிய நாளில் நின்றுவிடும். பிரவுசர் வழியாக நுழைந்து, ஓடிபியை எஸ்எம்எஸ்ஸிலோ தனிக் கருவியிலோ பெறும்படி வங்கியிடம் மாற்றிக் கேளுங்கள்.

செயலி "உங்கள் ஆண்ட்ராய்டு பழையது" என்று சொன்னால் அமைப்புகளில் இயங்குதளப் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் போனில் அந்தச் செயலிக்கு வழியில்லை. பழைய பதிப்பை வேறு தளத்திலிருந்து இறக்கி நிறுவுவது மட்டும் கூடவே கூடாது.

கைரேகை சேர்த்த பிறகு முதலிலிருந்து பதியச் சொல்கிறது

பழுதல்ல. புதிதாக ஒரு விரலையோ முகத்தையோ போனில் சேர்த்தால், அதுவரை கைரேகையோடு கட்டியிருந்த சாவி தானாகச் செல்லாததாகும்படி செயலிகளை அமைக்க ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வசதி உண்டு. உங்கள் போனின் பின் எண் தெரிந்த வேறொருவர் தன் விரலைச் சேர்த்துக்கொண்டு வங்கிக்குள் போகக்கூடாது என்பதற்காக. செயலியின் பின் எண் போட்டு நுழைந்து கைரேகையை மறுபடி இயக்குங்கள். நீங்கள் யாரையும் சேர்க்காமலே இப்படிக் கேட்டால், போனில் எத்தனை விரல்கள் பதிந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

"சிம் சரிபார்ப்புத் தோல்வி"

சில செயலிகள் பதிவின்போது உங்கள் போனிலிருந்து தாமே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, அது எந்த எண்ணிலிருந்து வருகிறது என்று பார்க்கும். அதற்கு வெளியே செல்லும் எஸ்எம்எஸ்ஸுக்கு இருப்பு வேண்டும். பேச்சுக்கும் டேட்டாவுக்கும் மட்டும் உள்ள திட்டமென்றால் நின்றுவிடும். இரண்டு சிம் போனில் தவறான சிம்மிலிருந்து போகும். எஸ்எம்எஸ்ஸுக்கான முதன்மை சிம்மை மாற்றுங்கள், அல்லது மற்றதைச் சிறிது நேரம் அணைத்து வையுங்கள். எஸ்எம்எஸ் அனுப்பும் அனுமதியைச் செயலிக்குக் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

போன் உடைந்தது, தொலைந்தது, புதிது வாங்கியாயிற்று

புதுப் போனுக்கு மாறும்போது படங்களும் தொடர்புகளும் வந்துவிடும், வங்கிச் செயலியின் படமும்கூட வந்துவிடும். உள்ளே இருக்கும் சாவி வராது. போனின் பாதுகாப்புச் சில்லுக்குள் உருவாகி, அங்கிருந்து வெளியே எடுக்க முடியாதபடிதான் அதைச் செய்கிறார்கள். எனவே வரிசை முக்கியம்: புதுப் போனில் பதிந்து, ஒரு சின்னத் தொகை அனுப்பி வேலை செய்கிறது என்று பார்த்த பிறகே பழையதை அழியுங்கள். இடையில் ஒரு வாரம் இரண்டும் இருக்கட்டும். 30 விநாடி எண் தரும் செயலிகளில் சில கணக்கோடு ஒத்திசையும். கூகுளின் செயலிக்கு 2023 இல்தான் அந்த வசதி வந்தது. உங்களுடையது ஒத்திசைந்திருக்கிறதா என்று பழைய போன் கையில் இருக்கும்போதே பாருங்கள்.

திரை மட்டும் உடைந்தது, சிம் நன்றாக இருக்கிறது என்றால் பதற வேண்டாம். சிம்மைக் கழற்றி, அது வேலை செய்யும் வேறு எந்தப் போனில் போட்டாலும், பட்டன் போனானாலும், எஸ்எம்எஸ் ஓடிபி வரும்; கணினியில் வங்கி வேலையை முடிக்கலாம். ஈசிம் (போனுக்குள்ளேயே பதிந்த சிம்) என்றால் இந்த வழி இல்லை, கழற்ற ஒன்றும் இருக்காது. நிறுவனத்திடம் மாற்றி வாங்க வேண்டும். திரை தெரிகிறது, தொட்டால் மட்டும் கேட்கவில்லை என்றால், பல ஆண்ட்ராய்டு போன்களில் ஓடிஜி இணைப்பியில் (போனின் சார்ஜ் துளையில் யுஎஸ்பி கருவிகளைச் செருக உதவுவது) ஒரு கணினி மவுஸைச் செருகினால் திரையில் அம்புக்குறி வரும். அதை வைத்துப் புதுப் போனுக்கு ஒப்புதல் கொடுத்துவிடலாம்.

தொலைந்துவிட்டது என்றால் முதலில் வங்கி, அடுத்து சிம்மை முடக்குதல், அதன்பின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் வழியாகப் போனைப் பூட்டுதல். அந்தக் கூகுள் கணக்கில் நுழையவே தொலைந்த போனுக்குத்தான் ஓடிபி போகும் என்பது பலருக்கு அந்த நிமிடத்தில்தான் உறைக்கும். அதற்குத்தான் கூகுள் மீட்புக் குறியீடுகளையும் ஆப்பிள் மீட்புச் சாவி என்ற குறியீட்டையும் தருகின்றன. இன்றைக்கே அவற்றைத் தாளில் அச்சிட்டு, பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வையுங்கள். அதே தாளில் கார்டின் பின்பக்க எண்ணையும், தொலைபேசி நிறுவனத்தின் உதவி எண்ணையும், யூசர் ஐடியையும் எழுதலாம். பாஸ்வேர்டும் பின்னும் அந்தத் தாளில் வேண்டாம்.

ஸ்மார்ட்போனே இல்லை, அல்லது வேண்டாம்

இதையும் ஒரு கோளாறாகத்தான் வங்கி ஊழியர்கள் பார்க்கிறார்கள். "செயலி போட்டுக்கொள்ளுங்கள்" என்பதே பதிலாக வரும். அங்கேயே விட்டுவிட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 செப்டம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த வலுவான அடையாளச் சரிபார்ப்பு விதி என்ன கேட்கிறது என்றால்: உங்களுக்கு மட்டும் தெரிந்தது, உங்களிடம் மட்டும் இருப்பது, உங்கள் உடலோடு இருப்பது என்ற மூன்றில் இரண்டு. கையில் இருப்பது ஸ்மார்ட்போனாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த வரையறை சொல்லவில்லை.

கேட்க வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எண் காட்டும் தனிக் கருவி தருவீர்களா? கார்டைச் செருகிப் பின் எண் போட்டால் குறியீடு தரும் கார்டு ரீடர் உண்டா? ஓடிபியை வீட்டுத் தொலைபேசிக்குக் குரல் அழைப்பாகப் பெறலாமா? கணினியில் செருகும் ஃபிடோ பாதுகாப்புச் சாவியை (பென் டிரைவ் போன்ற சின்னக் கருவி) ஏற்பீர்களா? பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்று வரும். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டால், இணையதளத்தில் எங்கேயும் எழுதாத ஒன்று அலமாரியிலிருந்து வெளியே வருவதுண்டு. எனக்கு மிகப் பிடித்தது கார்டு ரீடர். ரகசியம் கார்டின் சில்லில் இருக்கிறது, ரீடருக்கு இணையமும் இல்லை, சிம்மும் இல்லை. பேட்டரி தீரும்வரை உழைக்கும். தீர்ந்தால் வேறு ரீடரில் அதே கார்டைச் செருகலாம்.

பட்டன் போனில் எஸ்எம்எஸ் ஓடிபி என்பது எளிய வழி, வலுவான வழியல்ல. 2017 இல் ஜெர்மனியில், தொலைபேசி வலையமைப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாக வங்கிக் குறியீடுகளைத் தங்கள் பக்கம் திருப்பிப் பணத்தை எடுத்தார்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டும் அதே ஆண்டு தன் வழிகாட்டியில் எஸ்எம்எஸ் வழிச் சரிபார்ப்பைக் கட்டுப்பாட்டுக்கு உரியதாக வகைப்படுத்தியது. சிங்கப்பூரில் 2024 இல், டிஜிட்டல் டோக்கன் (போனில் செயலிக்குள் இருக்கும் சாவி) வைத்திருப்பவர்களின் நுழைவுக்கு ஓடிபியையே படிப்படியாக நிறுத்தப்போவதாக வங்கிகள் அறிவித்தன. எஸ்எம்எஸ் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. அது போவதற்குள் மாற்றுக் கருவியைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. எஸ்எம்எஸ்தான் வழி என்றால் அந்த எண்ணை வேறு எங்கும் கொடுக்காமல், தினசரி அனுப்பும் உச்சவரம்பைக் குறைத்து வையுங்கள்.

போனின் சொந்தக்காரர் அதைத் திறக்கும் நிலையில் இல்லை

ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார், வீட்டுச் செலவு முழுவதும் அவர் போனில் பூட்டிக் கிடக்கிறது. படுக்கையில் இருப்பவரின் விரலை எடுத்து வைத்துத் திறப்பது சட்டப்படி உங்களையே சிக்கலில் விடலாம், வங்கி கேட்டால் சொல்லவும் பதில் இருக்காது. கூட்டுக் கணக்காக இருந்தால் உங்கள் பெயருக்கென்று தனி யூசர் ஐடி கேளுங்கள்; ஒரே கணக்கில் இரண்டு பேருக்குத் தனித்தனி சாவி கொடுக்கப் பல வங்கிகளில் வழி உண்டு. கூட்டுக் கணக்கு இல்லையென்றால் கிளைக்கு நேரில்தான் போக வேண்டும். மருத்துவமனைச் சான்று, இருவரின் அடையாள அட்டை, காசோலைப் புத்தகம் இருந்தால் அதுவும். அவர் நினைவோடு இருக்கிறார், கையெழுத்தோ கைநாட்டோ வைக்க முடியும் என்றால், வங்கி அலுவலர் ஒருவர் நேரில் வந்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். அவர் நலமாகி வந்த பிறகு, அவர் சார்பில் நீங்கள் செயல்பட அனுமதிக்கும் அதிகாரப் பத்திரத்தையும் நியமனதாரர் (நாமினி) பதிவையும் ஒரே நாளில் முடித்துவிட்டு வாருங்கள். இரண்டுக்கும் ஓடிபி தேவைப்பட்டால் அவருடைய போன் சார்ஜோடு கையில் இருக்கட்டும்.